இருபது பேரில் நாலு பேர்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய மடம். அதன் தலைவர் அருளம்பலம் சாமிக்கு எழுபத்திரண்டு வயதில் தீவிர ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. முப்பது வருஷமாக அவரிடம் பாடம் கேட்கும் நல்லபெருமாள், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்துப் பேசினார். வேனுக்குச் சொல்லிவிட்டு வார்டுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

“கிளம்பலாம் சாமி. மடத்துலயே நிம்மதியா இருக்கலாம்.”

“வைத்தியம்?”

“வேண்டாம்னு சொல்லிட்டேன். சாமிக்கு உடம்பு மேல பற்று கிடையாதுன்னு எடுத்துச் சொன்னேன்.”

“நீரே சொல்லிட்டீராக்கும்.”

நல்லபெருமாள் வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தார். மனுஷருக்கு அவ்வளவு குருபக்தி. குருவைக் கேட்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

“இதே நோயோட இங்க வந்த, சாமி வயசுக்காரங்க இருபது பேராம். ஒரு வருஷம் தாண்டினது நாலே பேரு.”

“அந்த இருபதுல மருந்து எடுத்துக்கிட்டது எத்தனை பேரு?”

“கேக்கலையே.”

“கணக்கு வாத்தியாரு வே நீரு. போய்க் கேட்டுட்டு வாரும்.”

போனார். திரும்பும்போது நடையில் கொஞ்சம் வேகம் வந்திருந்தது.

“எட்டு பேரு சாமி! அந்த நாலு பேரும் இந்த எட்டுக்குள்ளதான். வயசானவங்க தாங்குற மாத்திரையும் ஊசியும் இப்போ இருக்காம். சாமி உடம்பு தாங்குமாம். ஆனா உறுதியாச் சொல்ல முடியாதுன்னாங்க.”

“உறுதியை யாரு கேட்டா? மிச்சம் பன்னிரண்டு பேரு?”

“அதையும் கேக்கலையே.”

“போயிட்டு வாரும்.”

இந்தத் தடவை மெதுவாகத்தான் வந்தார்.

“மூணு பேருக்கு மருந்தே கொடுக்க முடியாத அளவுக்கு உடம்பு மோசமாம். ஒன்பது பேரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“யாரு?”

“பிள்ளைகள்தான். வயசான காலத்துல எதுக்குக் கஷ்டப்படுத்தணும்னு. பாசம் சாமி.”

“அந்த ஒன்பது பேர்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார்.

சாமி தலையணையில் சாய்ந்துகொண்டார்.

“பத்தாவது ஆளு நான், யாரும் கேக்காமலே சொல்லுதேன். வேனை அனுப்பிட்டு, மருந்தை ஆரம்பிக்கச் சொல்லும்.”