பகலும் இரவும் பின்னிய பூதம்

வெகுகாலத்துக்கு முன்னால், மலைக்கு யாரும் விலை பேசாத காலத்தில், குளிர்க்காடு என்றொரு நாடு. அந்த நாட்டின் பகலையும் இரவையும் மலையுச்சியில் ஒரு பூதம் கம்பளியாகப் பின்னிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பட்டை பின்னினால் கீழே பகல். கறுப்புப் பட்டை பின்னினால் இரவு. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு.

கை வேகம்; பொறுமை கிடையாது. நிறம் மாற்றும்போது பழைய நூலைத் தொளதொளவென்று விட்டுவிட்டுப் புது நூலைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. பகல் முடிகிற நேரம் வெளியே நின்றவர்கள் அதற்குள் போய்விட்டார்கள்.

மாரப்பனும் அப்படித்தான் போனான். எருமை மட்டும் வீடு திரும்பியது.

அவன் பெண்டாட்டி அங்காயி சந்தையில் குல்லா பின்னி விற்பவள். ஊசியோடு மலையேறினாள்.

"பூதமே, என் புருஷனைக் கொடு."

பூதம் திருதிருவென்று விழித்தது. "புருஷனா? நான் பகல்தானே பின்னுகிறேன்?"

"இதுக்குப் பேர் பகலா? இப்படி ஒரு குல்லாவை விற்றால் சந்தையில் என் தலையிலேயே கவிழ்ப்பார்கள். ஓட்டையைப் பார்."

ஓட்டைக்குள்ளிருந்து மாரப்பன் குரல் வந்தது. "அங்காயி, விடிஞ்சிருச்சா, இருட்டிருச்சா?"

"அது தெரியாமத்தானே உள்ள நிக்கிறீங்க. அசையாதீங்க."

பூதம் யோசித்தது. "ஓட்டை விழாமல் நிறம் மாற்ற வழி சொல். உன் ஆளை விடுகிறேன். சொல்லாவிட்டால் நீயும் உள்ளே."

"என் ஆள் மட்டும் போதாது. உள்ளே இருக்கிற எல்லாரும்."

"சரி. முடிச்சுப் போடவா?" போட்டது. முடிச்சு புடைத்தது. கீழே பகலின் கடைசி நாழிகையே மறுபடி மறுபடி வந்தது. கறந்த மாட்டையே திரும்பக் கறந்தார்கள். மாடு உதைத்தது.

"பிரி," என்றாள் அங்காயி.

"அறுத்துத் தொங்கவிடவா?" விட்டது. வெள்ளை நுனி இரவுக்குள் தொங்கியது. நடு இரவில் சேவல் கூவ, ராஜா குளித்து, கிரீடம் வைத்து, ஆளில்லாத சபையில் உட்கார்ந்து குழம்பினார்.

"பிரி, பிரி. அறுக்காதே. முடிச்சும் போடாதே. இரண்டு நூலும் ஓரத்தோடு கூடவே ஏறட்டும். மாற்றும்போது பழையதைப் புதியதோடு ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு எடு. இழுக்காதே, ஓரம் சுருங்கும்."

பூதம் நாக்கைத் துருத்திக்கொண்டு முறுக்கியது. ஓட்டை விழவில்லை.

சொன்னபடி பழைய ஓட்டையை விரித்துப் பிடித்தது. பின்னலில் நழுவிய கண்ணியைத் தூக்குவதுபோல அங்காயி ஊசியை விட்டு ஒவ்வொருவராக மாட்டித் தூக்கினாள். மாரப்பன் கடைசியில் வந்தான், இடுப்புத் துண்டு ஊசியில் மாட்டியபடி.

கீழே வெளிச்சமும் இல்லை, இருட்டும் இல்லை. வெள்ளையும் கறுப்பும் முறுக்கிக்கொண்ட இடம் அது. அந்த நாடு அதுவரை அந்தியைப் பார்த்ததில்லை.

"இது பகலா, ராத்திரியா?" என்றான் மாரப்பன்.

"இரண்டும்தான். எருமை பசியோட நிக்குது, நடங்க."

நடந்தார்கள். யாரும் எதற்குள்ளும் விழவில்லை. பூதம் இன்னும் பின்னுகிறது. நம்பாதவர்கள் சாயங்காலம் வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம்.