சாணிச் சட்டி

யானைப் படையும் குதிரைப் படையும் மல்லர் கூடமும் வைத்திருந்த அரசன் ஒருவன் இருந்தான். நம் கதைக்கு மல்லர் கூடம் மட்டும் போதும், கேளுங்கள்.

மல்லர்களுக்கு முட்டை வேண்டும். கூடத்து மணியக்காரர் ஆவணி மாதம் ஊருக்குள் வந்து சொன்னார்: "தைப்பூசத்தன்று முப்பது முட்டை கொண்டுவாருங்கள். கழுதை மேல் ஏற்றிக் கூடத்தை மூன்று சுற்று விடுவேன். யார் கூடை முட்டை உடையாமல் திரும்புகிறதோ, அவருக்கு ஏரிக்குக் கீழே இரண்டு வயல். வரி இல்லை."

அந்த ஊரில் அண்ணன் தம்பி இருவருக்கு வாக்கப்பட்ட செம்மாயியும் பூவாத்தாளும் இருந்தார்கள். அடுத்தடுத்த வீடு, நடுவே ஒரு மண்சுவர். ஒரே பெட்டையை அடைவைத்து, வளர்ந்த கோழிகளை ஆளுக்கு ஆறாகப் பிரித்துக்கொண்டவர்கள். மூத்தவள் என்பதால் செம்மாயிதான் முதலில் எடுத்தாள்.

இருந்தும் பூவாத்தாளின் கோழிகள்தான் முட்டையிட்டன. சுவருக்கு அப்பால் ஒவ்வொரு பெட்டை கொக்கரிக்கும்போதும் செம்மாயியின் கை அகப்பையோடு நின்றுவிடும். அந்த ஆவணியில் மூன்று முறை குழம்பு அடிப்பிடித்தது.

செம்மாயி கஞ்சத்தனம் பார்ப்பவள் அல்ல. தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வாசலில் நின்று, தீட்டிய சம்பா அரிசியை வாரி இறைப்பாள். கோழிகள் கொழுத்தன. நடக்கும்போது வயிறு தரையைத் தொட்டது. முட்டை மட்டும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் கையில் எடுத்தால் ஓடு நெளிந்தது.

பூவாத்தாள் கம்பங்குருணையில் தவிடு கலந்து போட்டாள். செக்கடியில் எள்ளுப் பிண்ணாக்கை முகர்ந்து பார்ப்பாள். பூசண வாடை அடித்தால் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டாள். வயலில் பொறுக்கிய நத்தை ஓட்டை இடித்து வைப்பாள். உடைந்த சட்டி ஒன்றில் சாணியும் பழைய வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்துச் சாயங்காலம் கவிழ்த்து வைப்பாள். விடிந்து தூக்கினால் அடியில் கரையான் மொய்க்கும். கோழிகள் பறந்து வரும்.

செம்மாயி சுவர் மேல் தலையை நீட்டினாள். "நல்ல கோழி எல்லாம் உன் பக்கம் வந்துருச்சு பூவாத்தா."

"நீங்கதானே அக்கா மொதல்ல எடுத்தீங்க?"

"எடுத்தேன். நீ கண்ணாலேயே காட்டி ஏமாத்திட்ட."

பூவாத்தாள் சிரித்துவிட்டாள். "சரி, மாத்திக்கலாம்."

கோழிகளை மாற்றிக்கொண்டார்கள். ஒரு மண்டலம் போயிற்று. பூவாத்தாளிடம் போன கோழிகள் இளைத்து முட்டையிட்டன. செம்மாயியிடம் வந்த கோழிகள் கொழுத்து, முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டன.

"பஞ்சாரத்துலதான் இருக்கு விஷயம்" என்றாள் செம்மாயி. கோழி கவிழ்க்கும் மூங்கில் பஞ்சாரங்களையும் மாற்றிக்கொண்டார்கள். இன்னொரு மண்டலம் போயிற்று. கொக்கரிப்பு அந்தப் பக்கமிருந்தே வந்தது.

"உன் கொல்லையில எதையோ பொதைச்சு வெச்சிருக்க."

"தோண்டிப் பாருங்க அக்கா."

"தோண்ட மாட்டேன். கொல்லையையே குடு."

பூவாத்தாளின் புருஷன் பல்லைக் கடித்தான். பூவாத்தாள் அதற்கும் சரி என்றாள். கோழிகளைக் கூடையில் போட்டு செம்மாயியின் கொல்லைக்கு எடுத்துப் போனாள். பிறகு குருணை மூட்டையை எடுத்துப் போனாள். கடைசியில் உடைந்த சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

செம்மாயி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அந்தச் சாணிச் சட்டியையும் விட மாட்டியா? கவலைப்படாதே, அதை மட்டும் நான் கேக்கவே மாட்டேன்."

தைப்பூசம் வந்தது. பூவாத்தாள் முப்பது முட்டை கொண்டுவந்தாள். மெல்லிய ஓட்டு முட்டைகளைப் பொத்திப் பொத்திச் சேர்த்து, உமி பரப்பி, செம்மாயியும் முப்பது கொண்டுவந்தாள்.

முதல் சுற்றிலேயே செம்மாயியின் கூடையிலிருந்து மஞ்சள் சொட்டியது. இரண்டாம் சுற்றில் கழுதையின் விலா நனைந்தது. மூன்றாம் சுற்றில் நாய் ஒன்று பின்னாலேயே நக்கிக்கொண்டு வந்தது. பூவாத்தாளின் கூடையில் ஒரு கீறல் இல்லை.

"இது நியாயமில்லை!" என்று செம்மாயி கத்தினாள். "அவ கோழி என் கோழி. அவ பஞ்சாரம் என் பஞ்சாரம். அவ கொல்லை என் கொல்லை!"

மணியக்காரர் பூவாத்தாளைப் பார்த்தார். "அப்படியானால் உன்னுடையது என்னம்மா?"

"போடற தீனிங்க" என்றாள் பூவாத்தாள்.

"தீனியா? நான் போடறது சம்பா! மல்லருக்குப் போடற அரிசி!"

"மல்லர் முட்டையிடுவதில்லையே" என்றார் மணியக்காரர்.

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். வயல் இரண்டும் பூவாத்தாளுக்குப் போயின.

இருவரும் சேர்ந்தே ஊர் திரும்பினார்கள். ஏரிக்குக் கீழே அந்த வயல்களைக் கடக்கும்போது செம்மாயி நின்று பார்த்தாள். நெல் கதிர் வாங்கியிருந்தது. பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் எல்லை வந்தபோது தரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"அந்தச் சட்டியைக் குடுப்பியா?"

"இன்னைக்கே எடுத்துக்கங்க அக்கா. ஆனா தினமும் சாணி நீங்கதான் அள்ளணும்."

செம்மாயி தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டுக் கோழியைப் பார்த்து வேகிறவர்கள், தம் கோழிக்குத் தாம் என்ன போடுகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.