பெருங்கெண்டையைப் பிடித்த பூனை

மலைக்காட்டு ஆற்றில் ஆழமான மடு ஒன்று இருந்தது. அதன் கரையில் குட்டைவாலன் என்ற காட்டுப்பூனை வாழ்ந்தது. மீன் பிடிப்பதில் அதற்கு நிகர் யாருமில்லை. எதிர்க்கரைப் புதரில் மினுக்கி என்ற நீர்நாய் தன் குட்டிகளுடன் இருந்தது.

மடுவில் கெளுத்திகள் ஏராளம். ஒவ்வொரு மழைக்கும் அவை கூட்டங்கூட்டமாகக் குஞ்சு பொரித்தன. பெருங்கெண்டைகளோ அப்படியில்லை. முதல்முறை முட்டையிடவே அவை பல மழைக்காலங்களைக் காண வேண்டும்.

குட்டைவாலனுக்குப் பெருங்கெண்டைதான் வேண்டும். பிடித்ததும் பாறைமேல் கிடத்தி, காட்டையே கூப்பிடும்.

"பாருங்கள்! இவ்வளவு பெரிய மீனை யார் பிடித்திருக்கிறீர்கள்?"

குரங்குகள் வாய்பிளக்கும். மான்கள் எட்டிப் பார்க்கும். பூனை பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காக்கைகளுக்கு விட்டுவிடும்.

ஒரு மழைக்காலத்தில் கரையோரத் தண்ணீரில் ஒரு கெண்டைக் குஞ்சைக்கூட மினுக்கி பார்க்கவில்லை. நேரே பூனையிடம் போனது.

"குட்டைவாலா, பெருங்கெண்டை தீர்ந்துகொண்டே வருகிறது. கெளுத்தியைப் பிடித்துச் சாப்பிடேன்!"

"வெயிலில் காய்ந்து நான் பிடிக்கிறேன். பிடித்தது எனக்குத்தான்! கெளுத்தியைப் பிடித்தால் யார் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்?"

மினுக்கி எதிர்க்கரைக்குத் திரும்பியது. 'இவனுக்குப் பசி வயிற்றில் இல்லை போலிருக்கிறதே!' என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் காலை தண்ணீர் பெரிதாகக் கலங்கியது. மினுக்கி ஓடி வந்து பார்த்தது. மடுவில் மிஞ்சியிருந்த பெரிய பெண்கெண்டை பூனையின் காலடியில் துடித்தது.

"பூனையாரே, இப்போதுதான் முதல்முறையாக என் வயிற்றில் முட்டை நிறைந்திருக்கிறது. முட்டையிடும்வரை என்னை விடக்கூடாதா?" என்று அது கெஞ்சியது.

"மாட்டிக்கொண்ட எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்!" என்று பூனை வாயைத் திறந்தது.

"நில்!" என்று கத்தியது மினுக்கி. "செத்த மீனை நரிகூடத் தூக்கி வரும். இவ்வளவு பெரிய மீனை உயிரோடு பிடித்துக்காட்ட யாரால் முடியும்? நகம் படக்கூடாது, ஒரு செதிலும் உதிரக்கூடாது. பிறகு தண்ணீரில் விட வேண்டும். இதுவரை இந்தக் காட்டில் யாரும் செய்ததில்லை!"

பூனையின் வாய் மூடிக்கொண்டது. "யாருமேவா?"

"யாருமே!"

குட்டைவாலன் நகங்களை உள்ளிழுத்தது. மீனை மெல்ல நீருக்குள் இறக்கி, இரு கைகளாலும் அணைத்துக்கொண்டது. "எல்லோரும் வாருங்கள்!" என்று கூவியது. குரங்குகள் மரத்திலிருந்து குதித்தன. மான்கள் ஓடி வந்தன.

"அடேயப்பா! உயிரோடு பிடித்திருக்கிறான்!"

"பார்த்தீர்களா? இப்போது விடப்போகிறேன்!" என்று கைகளை விரித்தது பூனை. கெண்டை வாலை ஆட்டிக்கொண்டு ஆழத்துக்குள் மறைந்தது. கரையெங்கும் ஒரே ஆரவாரம்.

கூட்டம் கலைந்ததும் பூனையின் முகம் தொங்கிப்போனது. "எனக்குப் பசிக்கிறதே!"

மினுக்கி சிரித்துக்கொண்டே தன் குட்டிகளுக்குப் பிடித்து வைத்திருந்த கெளுத்திகளில் இரண்டை எடுத்து வந்தது. பூனை முகத்தைச் சுளித்தபடி ஒன்றைக் கடித்தது.

"ம்ம்... மோசமில்லை. இன்னொன்றையும் கொடு!"

சில வாரங்களில் கரையோரத் தண்ணீர் கெண்டைக் குஞ்சுகளால் மின்னியது. நீர்நாய்க் குட்டிகள் அவற்றின்மேல் பாயப் போனபோது குட்டைவாலன்தான் முதலில் சீறியது.

"ஏய், அவற்றைத் தொடாதீர்கள்! எல்லாம் நான் விட்ட கெண்டையின் பிள்ளைகள்! கெளுத்தி வேண்டுமா? என்னோடு வாருங்கள், நிறைய இருக்கும் இடம் எனக்குத் தெரியும்!"

அன்றும் அதற்குப் பிறகும் அந்தக் கரையில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

சீக்கிரம் பெருகுவதைப் பசிக்கு எடுத்துக்கொண்டு, மெதுவாக வளர்வதை வாழவிடுபவர்களுக்கு என்றும் குறைவு வராது.