தூங்காமல் கண்ட கனவு

கருவேலங்காட்டு முயல்கள் பகலெல்லாம் புதருக்குள் தூங்கும். பொழுது சாய்ந்ததும் மேயக் கிளம்பும். பகலில் தூங்கினால் கனவும் பகலில்தானே வரும்? பகல் கனவு பலிக்காது என்று அவற்றிடம் யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவுதான், சண்டைக்கே வந்திருக்கும்! ஏனென்றால், எந்தப் பக்கம் மேயப் போவது என்பதையே அவை கனவைக் கேட்டுத்தான் முடிவு செய்யும்.

அந்தி சாயும்போது எல்லா முயல்களும் பாறையடியில் கூடும். "யார் என்ன கனவு கண்டீர்கள்?" என்று தலைவர் பெருமீசை கேட்பார். கனவில் புல்லைக் கண்ட முயல் முன்னே நடக்கும். மற்றவை பின்னே போகும். ஒருவர் சொன்ன கனவை இன்னொருவர் மறுத்துப் பேசக் கூடாது. பேசினால் கனவுக்குக் கோபம் வந்துவிடுமாம்!

அந்தக் கூட்டத்தில் சுருளி என்று ஓர் இளம் முயல் இருந்தான். அடுத்த தலைவன் தானே ஆக வேண்டும் என்பது அவன் விழித்துக்கொண்டே காணும் கனவு. ஆனால் பாவம், தூங்கினால் அவனுக்கு வருவதெல்லாம் உப்புச் சப்பில்லாத கனவுகள். ஒரு நாள் வாலில்லாத ஓணான் வரும். இன்னொரு நாள் பழைய செருப்பு வரும். "செருப்பை மேயலாமா, சுருளி?" என்று கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கும். சுருளிக்கு மானமே போய்விடும்.

ஒரு நாள் நடுப்பகலில், தூக்கம் வராமல் முள்வேலியோரம் உட்கார்ந்திருந்தான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பி சுருளி! பயப்படாதே!"

பார்த்தால் நரி!

"கிட்டே வந்தால் ஓடிவிடுவேன்!" என்றான் சுருளி.

"தாராளமாக ஓடு! கிழட்டு நரி நான், உன்னைத் துரத்த என் முட்டியில் பலம் ஏது? நேற்று உன் கூட்டம் சிரித்த சிரிப்பு என் காதில் விழுந்தது. மனசு கேட்கவில்லை. காடெல்லாம் சுற்றுகிறவன் நான். எங்கே புல் தழைத்திருக்கிறது என்று சொல்கிறேன். நீ கனவில் கண்டதாகச் சொல்லிக்கொள்!"

"பொய்யாயிற்றே!"

"புல் பொய்யா? தின்று பார்த்துவிட்டு அப்புறம் பேசு!"

அன்று மாலை சுருளி எழுந்து நின்றான். "ஓடைக்கரையில் இரண்டு பனைமரம். அதனடியில் அருகம்புல் கண்டேன்!" என்றான். போய்ப் பார்த்தால், சொன்னது சொன்னபடி இருந்தது! மறுநாள், மேட்டுக் கொல்லையில் கொள்ளுச்செடி. அதுவும் அப்படியே இருந்தது. "சுருளி கனவு கண்டால் கண்டதுதான்!" என்று எல்லாரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. முயலுக்கு நரி எதற்காக உபகாரம் செய்கிறது என்று ஒரு நொடி யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லையே, மடையன்!

அடுத்த நாள் நரி வேலியை ஒட்டி வந்து நின்றது.

"இன்றைக்குச் செம்மண் பள்ளம் என்று சொல்!"

"அதற்கு ஒரே வழிதானே, நரியண்ணே?"

"அதனால்தான் ஆடு மாடு நுழையாமல் புல் அப்படியே இருக்கிறது! பிஞ்சுப் புல். குட்டிகளையும் கூட்டிப் போ!"

குட்டிகள் என்று சொல்லும்போது நரி நாக்கை நீட்டி உதட்டை நக்கிக்கொண்டது. சுருளி அதைப் பார்த்தான். பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டான்.

மாலையில் அவன் கனவைச் சொன்னதும் பெருமீசை எழுந்தார்.

"இன்று குட்டிகளும் வரட்டும். எனக்கும் வயதாகிவிட்டது. இந்தக் கனவும் பலித்தால், நாளை முதல் சுருளிதான் உங்கள் தலைவன்!"

சுருளி காதை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரு நிமிஷம்!"

அவள் தும்பை, மூன்று குட்டிகளின் தாய். "என் குட்டிகளுக்குக் காவலாக நான் பகலெல்லாம் விழித்திருந்தேன். சுருளி மத்தியானமே வேலிப் பக்கம் போனான், இப்போதுதான் வருகிறான். தூங்காதவனுக்குக் கனவு எப்படி வந்தது?"

சுருளி மெல்லப் பெருமீசையின் பின்னால் ஒதுங்கினான்.

"கனவை மறுத்துப் பேசாதே, தும்பை!" என்று சீறினார் பெருமீசை. "உனக்குக் கனவே வருவதில்லை என்ற வயிற்றெரிச்சலா?"

"எனக்குக் கனவு வேண்டாம். என் குட்டிகள் உயிரோடு வேண்டும்!" தும்பை நேராகச் சுருளியிடம் வந்தாள். "நீயே உன் வாயால் சொல். தூங்கினாயா?"

எல்லாக் காதுகளும் அவன் பக்கம் திரும்பின.

"தூ... தூங்கினேன், அக்கா. வேலியோரத்தில். கொஞ்ச நேரம்."

தும்பை அவன் முகத்தையே பார்த்தாள். "சரி, நீ சொன்னால் நம்புகிறேன்" என்றாள். பிறகு தன் குட்டிகளையும் வரிசையில் நிறுத்தினாள்.

திட்டியிருந்தால்கூடச் சுருளிக்கு அவ்வளவு வலித்திருக்காது. கடைக்குட்டி குன்றி துள்ளிக் குதித்து அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, நான் உங்கள் கூடவே வருகிறேன்! பெரியவளானதும் நானும் உங்களை மாதிரி கனவு காண்பேன்!"

கூட்டம் கிளம்பியது. செம்மண் பள்ளத்தின் வாய் கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் உயரமான கரை, நடுவே குறுகலான வழி, உள்ளே அடர்ந்த புதர். பள்ளத்துக்குள்ளிருந்து காற்று வீசியது. சுருளியின் மூக்கு துடித்தது.

வேலியோரம் தினமும் முகர்ந்த அதே வாடை! ஒன்றல்ல, நரிகள் கூட்டமாக வந்திருக்கின்றன! மற்ற முயல்களுக்கும் அது எட்டியிருக்க வேண்டும். ஆனால் புல் நினைப்பிலேயே இருக்கும் மூக்குக்கு வேறு வாடை எங்கே தெரியும்?

சுருளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் தலைமை போய்விடும். போனால் போகட்டும் என்று விடவும் அவனுக்கு மனம் வரவில்லை. இன்னொரு பொய்யைத் தேடினான்.

"நில்லுங்கள்! கனவின் கடைசியில் வேறு இடத்துக்குப் போகச் சொன்னது. மறந்தே போனேன்!"

"கனவைப் பாதி வழியில் மாற்றக் கூடாது, தம்பி!" என்று சிரித்தார் பெருமீசை. "முன்னே நட!"

"ஐயா, நரி வாடை அடிக்கிறது!"

"உன் கனவில் நரி வந்ததா?"

"வ... வரவில்லை."

"வரவில்லையா? அப்படியானால் இங்கே நரி இல்லை! நட!"

என்ன கூத்து பாருங்கள்! அவன் சொன்ன பொய்யை அவனாலேயே இப்போது நிறுத்த முடியவில்லை. முயல்கள் அவனைத் தள்ளிக்கொண்டு நடந்தன. குன்றி ஒரே தாவலில் பள்ளத்துக்குள் இறங்கினாள். "மாமா, இங்கே நிஜமாகவே புல் இருக்கிறது!" என்று கத்தினாள். அவளுக்கு முன்னால் இருந்த புதர் அசைந்தது.

அவ்வளவுதான். சுருளி தொண்டை கிழியக் கத்தினான்.

"நான் கனவு காணவே இல்லை! எல்லாம் பொய்! நரி சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன்! அந்த நரி உள்ளே இருக்கிறது! ஓடுங்கள்!"

கூட்டம் திகைத்து நின்றது. சுருளி பள்ளத்துக்குள் பாய்ந்தான். குன்றியைப் பின்னங்காலால் வெளியே உதைத்துத் தள்ளினான். அதே நொடியில் புதருக்குள்ளிருந்து நரிகள் சீறிப் பாய்ந்தன. முயல்கள் பின்னங்கால் பிடரியில் பட ஓடின. கிழட்டு நரி, எங்கிருந்துதான் முட்டிக்குப் பலம் வந்ததோ, சுருளியின் காதை லபக்கென்று கவ்விக்கொண்டது.

"இன்னும் நாலடி!" என்று கவ்விய காதை விடாமலே உறுமியது. "இன்னும் நாலடி வாயை மூடிக்கொண்டு நடந்திருந்தால் நீ தலைவனாகியிருப்பாய்!"

"எல்லாரையும் நீ தின்ற பிறகு யாருக்குத் தலைவன்?" என்று அலறிய சுருளி, உயிரை வெறுத்து ஓர் இழுப்பு இழுத்தான். பாதிக் காது நரியின் வாயிலேயே நின்றுவிட்டது. மீதியோடு அவன் முட்புதருக்குள் விழுந்து புரண்டு தப்பினான்.

தங்கள் புதருக்கு ஓடி வந்து சேர்ந்ததும் தும்பை தன் குட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். எல்லாரும் இருந்தார்கள். சுருளி கிட்டே வந்ததும் குட்டிகளைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

மறுநாள் மாலை பாறையடியில் பெருமீசை வழக்கமான கேள்வியைக் கேட்டார். குரலில் பழைய மிடுக்கு இல்லை. முயல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சுருளியின் முறை வந்தது.

"நான் தூங்கினேன். கனவு எதுவும் வரவில்லை" என்றான் சுருளி.

யாரும் சிரிக்கவில்லை. தும்பை அவனருகே வந்தாள்.

"இன்று நிஜத்தைச் சொல்கிறாய். நாளைக்கும் சொல். அதற்கு மறுநாளும் சொல். என் குட்டிகளை உன் பின்னால் அனுப்புவதா என்று அப்புறம் பார்க்கலாம்!"

"சரி, அக்கா" என்று சுருளி தலையைக் குனிந்துகொண்டான்.

தன் கனவு பலிக்க வேண்டும் என்று பொய்யைத் துணைக்கு அழைப்பவன், தன்னை நம்பி வருகிறவர்களைத்தான் முதலில் பலி கொடுக்கத் துணிகிறான்.