நான்காவது போல்ட்டு

ஆழியாறைத் தாண்டி, மலை தொடங்கும் இடத்தில் செல்வநாயகி மேஸ்திரியின் கார் பட்டறை இருந்தது. அங்கிருந்து வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள்.

பட்டறையில் இரண்டு வழக்கங்கள். முறுக்கி முடித்த போல்ட்டின் தலையிலிருந்து அடிச்சட்டம் வரை ஒரு பெயின்ட் கோடு போட வேண்டும். போல்ட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். யாருடைய நிறமோ அவர் பொறுப்பு. அடுத்தது, முறுக்கியவரே வண்டியை மலை ஏற்றி இறக்க வேண்டும். அவர் வீட்டு ஆள் ஒருவர் பின்சீட்டில் இருக்க வேண்டும்.

மேஸ்திரியின் நிறம் மஞ்சள்.

சென்னியப்பன் அந்தச் சாலையில் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். அதன் பிறகுதான் வேலை பழக வந்தார். மேஸ்திரியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மூன்று வருஷத்தில் பதினொரு கார்களுக்கு ஸ்டியரிங் மாட்டியிருந்தார். பதினொன்றையும் மேஸ்திரி சோதித்து, மஞ்சள் கோடு போட்டு அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் காலையில் சென்னியப்பன் கேட்டார்.

"மேஸ்திரி, எனக்குன்னு ஒரு நிறம் எப்பங்க?"

"என்ன நிறம் வேணுங்கண்ணா?"

"பச்சைங்க."

மேஸ்திரி அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பச்சை டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்தக் கல்யாணக் காருக்கு ஸ்டியரிங் நீங்க மாட்டுங்க. கோடும் நீங்களே போடுங்க."

அது அறுபது வருஷத்துக் கார். மறுநாள் பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு மலையிறங்க வேண்டியது.

ஸ்டியரிங் பெட்டியைச் சட்டத்தோடு பிடிப்பவை நான்கு போல்ட்டுகள். கழற்றியவற்றை, இருந்த இடம் மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வைத்திருந்தார். மூன்று கருப்பு, தலையில் வலுவைக் குறிக்கப் பொறித்த மும்மூன்று கோடுகள். நான்காவது போல்ட்டு மரை தேய்ந்து, வளைந்து போயிருந்தது. அதற்கு மட்டும் பொள்ளாச்சியில் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம். பளபளவென்று இருந்தது.

புதியது விரலாலேயே கடைசி வரை ஏறியது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

ஸ்பேனர் போட்டு முறுக்கினார். மூன்று கருப்பும் கல்லாக நின்றன. நான்காவதும் நின்றது. ஆனால் கடைசிக் கால் சுற்றில் ஏதோ இளக்கம். ஸ்பேனரைப் பிடித்தபடி சற்று யோசித்தார். புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். கை நடுங்காமல் நான்கு பச்சைக் கோடுகள் போட்டார். எழுந்து நின்று அவற்றை இரண்டு முறை பார்த்தார்.

மனைவி பூவாத்தாள் தீபாவளிச் சேலையில் வந்திருந்தாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"இதென்னங்க, மூணு கருப்பு, ஒண்ணு வெள்ளை? பல்லு கட்டின மாதிரி இருக்குது."

"உனக்கென்ன தெரியும், ஏறு."

"லாரியில ஒரு நாள் ஏத்தல. கல்யாணக் காருலதான் ஏறணும்னு என் தலையில எழுதியிருக்குது."

மேஸ்திரி முன்சீட்டில், சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். அடியில் குனிந்து பார்க்கவில்லை.

"போலாங்கண்ணா."

சென்னியப்பன் சாவியில் கை வைத்தார். கண்ணாடியில் பூவாத்தாள் தெரிந்தாள். பூவைச் சரி செய்துகொண்டு, கல்யாணப் பெண் மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கை சாவியைத் திருப்பவில்லை.

கதவைத் திறந்து இறங்கினார். மண்ணெண்ணெய்த் துணியால் நான்காவது பச்சைக் கோட்டைத் துடைத்தார். போல்ட்டைப் பாதி வரை கழற்றி, தலையைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. முழுதும் கழற்றிப் பார்த்தார். மரையின் முனைகள் மழுங்கி, வெள்ளித் தூள் ஒட்டியிருந்தது.

கார் அங்குலக் கணக்கில் செய்தது. அதற்கு வேண்டியது அரை அங்குலப் போல்ட்டு. இது அதைவிட முக்கால் மில்லி போல ஒல்லி. மரையின் இடைவெளி மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் ஏறிவிட்டது. மரையின் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டுதான் அத்தனை நேரமும் நின்றிருந்தது.

பக்கத்துக் கருப்பு போல்ட்டைக் கழற்றி அந்த ஓட்டையில் ஏற்றிப் பார்த்தார். நன்றாகப் பிடித்தது. சட்டத்தின் மரை கெடவில்லை. அதைத் திரும்ப அதன் இடத்திலேயே மாட்டினார்.

பிறகு பட்டறையின் பழைய போல்ட்டு டப்பாவைத் தரையில் விரித்த சாக்கில் கொட்டினார். ஒவ்வொன்றாகத் தலையைப் பார்த்தார், நீளம் பார்த்தார், மரையில் நகத்தை ஓட்டினார்.

"இந்நேரம் நடந்தே வால்பாறை போயிருக்கலாம்" என்றாள் பூவாத்தாள்.

மேஸ்திரி முன்சீட்டிலேயே இருந்தார்.

நூற்று அறுபத்து மூன்றாவது போல்ட்டு கருப்பு. தலையில் மூன்று கோடுகள். நீளம் சரி. பாதி ஏற்றி ஆட்டினார், அசையவில்லை. முறுக்கினார், கல்லாக நின்றது. கழற்றிய கருப்பையும் முறுக்கினார். இரண்டுக்கும் புதிதாகப் பச்சைக் கோடு போட்டார்.

"இப்ப நாலும் சொந்தப் பல்லு" என்றாள் பூவாத்தாள்.

நாற்பது வளைவு ஏறினார்கள். நாற்பது இறங்கினார்கள். பட்டறையில் வண்டியை நிறுத்தியதும் சென்னியப்பன் அடியில் படுத்துப் பார்த்தார். நான்கு கோடுகளும் மயிரிழை விலகாமல் இருந்தன. வெளியே வந்தவரின் முகத்தை இருபத்தாறு வருஷ லாரி ஓட்டத்தில் பூவாத்தாள் அப்படிப் பார்த்ததில்லை.

மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"மேஸ்திரி, அந்தப் போல்ட்டு தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"நீங்க கதவைத் திறந்து இறங்கினப்பதானுங்க."

"அதுக்கு முன்னாடி நீங்க பார்க்கவே இல்லீங்களா? பதினோரு வண்டியும் பார்த்தீங்களே."

மேஸ்திரி துண்டில் கையைத் துடைத்தார்.

"இதுல பச்சைக் கோடு இருந்துச்சு. நான் எதுக்குங்கண்ணா பார்க்கணும்?"