கிணற்றுக்குள் சொன்ன சொல்

மலையடிவாரத்து மடத்தில் கிணறு தூர் வாரும் நாள் நெருங்கியது. அரங்கநாயகம் வலது காலை இழுத்து இழுத்து நடந்து உமையம்மையிடம் வந்தார். அம்மை அவருக்குக் குரு. வயதிலோ அவருடைய மகளைப் போன்றவர்.

"அம்மா, செவ்வேள் இனி இங்கே இருக்கக் கூடாது."

"ஏன் ஐயா?"

"சென்ற கோடையில் நான் கிணற்றில் இறங்கினேன். மேலே அவன் கயிறு பிடித்தான். எனக்குக் கால் வழுக்கியது, கயிறு நிற்கவில்லை. கால் முறிந்து கிடந்தவனை எட்டிப் பார்த்து அவன் சொன்னது ஒரே ஒரு சொல். சாரி."

"அது போதாதா?"

"நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் அம்மா. அந்தச் சொல்லை நம்ப மாட்டேன். வருந்துகிறவனும் அதைத்தான் சொல்கிறான்; பிறர் துன்பத்துக்கு இரங்குகிறவனும் அதைத்தான் சொல்கிறான். கேட்டதைத் தர மறுப்பவன், காதில் சரியாக விழாதவன், இடித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறவன், எல்லாருக்கும் அதுவே. இவன் எதை நினைத்துச் சொன்னான்? ஓராண்டாக அவன் முகத்தைப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. வேண்டுமென்றே கயிற்றை விட்டிருந்தால்?"

"அவனையே கேட்டீர்களா?"

"கேட்டால் மறுபடியும் சாரி என்பான். பேருந்தில் நடத்துநராக இருந்தவன். நாக்கு நுனியில் வைத்திருப்பதே அதுதான்."

அம்மை சிரித்தார். "தூர் வாரி முடியட்டும். பிறகு நீங்கள் சொல்கிறபடியே செய்கிறேன்."

ஒரு கோடையில் இறங்கியவர் மறு கோடையில் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அம்மடத்தின் வழக்கம். செவ்வேள் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"கெட்டியாகப் பிடியுங்கள் வாத்தியாரே. என் மேல் உள்ள கோபத்தைக் கயிற்றிடம் காட்டிவிடாதீர்கள்."

இவன் எதற்குச் சிரிக்கிறான் என்று அரங்கநாயகம் யோசித்தார்.

சுவரில் பதித்த கற்களில் கால் வைத்துச் செவ்வேள் இறங்கினான். பாசி படிந்த கல் ஒன்றில் அவன் கால் நழுவியது. உருளை கிறீச்சிட்டது. அரங்கநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். கயிறு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஓடி, ஒருவழியாக நின்றது.

"சாரி" என்று கிணற்றுக்குள் கத்தினார்.

பக்கத்தில் நின்ற அம்மை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடி கேட்டார். "எந்தப் பொருளில், ஐயா?"

அவர் வாய் திறப்பதற்குள் கீழேயிருந்து செவ்வேளின் குரல் வந்தது. "பொருளைப் பிறகு பார்க்கலாம் அம்மா. முதலில் அவரைக் கயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்."

ஏறி வந்தவன் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு அரங்கநாயகத்தின் கையை விரித்துப் பார்த்தான். தோல் உரிந்திருந்தது.

"தண்ணீர் படவிடாதீர்கள். வேப்பெண்ணெய் தடவுங்கள். எனக்கு ஆற ஒரு மாதம் பிடித்தது."

அரங்கநாயகம் அவன் கையைப் பற்றித் திருப்பினார். உள்ளங்கையின் குறுக்கே ஒரு தழும்பு வெளுத்துக் கிடந்தது. மற்றக் கையிலும் அதுபோலவே.

"இந்தக் கையால் இனி நீங்கள் கயிறு பிடிக்க முடியாது. வேலையோ பாதியில் நிற்கிறது" என்றார் அம்மை. "செவ்வேளை அனுப்பிவிட்டு வேறு ஆள் தேடட்டுமா?"

அரங்கநாயகம் கீழே கிடந்த கயிற்றை எடுத்துத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையைச் செவ்வேளிடம் நீட்டினார்.