கேள்விக்கு முன்னால் வந்த பதில்

சீடருக்கு வயது அறுபத்தெட்டு. குருவுக்கு முப்பத்தொன்று. இதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

சீடர் குற்றாலிங்கம், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இருபத்தொன்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவது வேலை. ஒரு நிமிஷம் பிந்தினாலும் டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

குரு பெனிட்டா அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவர். ஏதோ கம்பெனியின் நெட்வொர்க்கை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறார். மனைவி இறந்து தனியாக இருந்த பெரியவர், மகன் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, "நான் சொல்லித் தரேன் சார்" என்று ஒருநாள் கீழே இறங்கி வந்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பாடம். மனிதர் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேறு செய்வார். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி குருவுக்கு அலுத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை என்ன பாடம் என்பதைச் சீடரே முடிவு பண்ணி வைத்திருந்தார்.

"டீச்சர், ஒரு ஆள்கிட்ட இருந்து மெயிலே வராம பண்ணிரலாமாமே. அதைச் சொல்லிக் குடுங்க."

"பண்ணலாம் சார். யார்கிட்ட இருந்து வரக்கூடாது?"

"தவசிமுத்து."

குருவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவசிமுத்து திருச்செந்தூர் வண்டி டிரைவராக இருந்தவர். நாற்பது வருஷச் சிநேகிதம். இப்போது உடன்குடியில் இருக்கிறார். காது மந்தமாகிவிட்டது, போனில் பேசினால் கேட்காது. செல்போன் எழுத்து இரண்டு பேர் கண்ணுக்கும் பிடிபடாது. அதனால் தினமும் காலையில் இவர் ஒரு மெயில் போடுவார், அவர் ஒன்று போடுவார். குற்றாலிங்கம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான்.

"என்ன சார் ஆச்சு?"

சீடர் திரையைக் காட்டினார். எட்டு நாளைக்கு முன்னால் அவர் அனுப்பிய மெயில் இருந்தது.

'அவ போனப்புறம் இந்த வீட்டுல ஒத்தையில இருக்க முடியலடே. உன் தெருவுல ஒரு வீடு பாத்துக் குடியேறிரட்டுமா?'

தவசிமுத்துவின் பதில் ஒரே வரி. 'வாடே. என்னைக்கு வாற?'

"நல்லபடியாத்தானே எழுதியிருக்கார்?"

"எழுத்தைப் பாக்காதீங்க. நேரத்தைப் பாருங்க." சீடரின் விரல் திரையைக் குத்தியது. "நான் அனுப்பினது ஒம்பது நாப்பத்தாறு. அவன் பதில் போட்டது ஒம்பது நாப்பத்தொண்ணு. நான் கேக்கதுக்கு அஞ்சு நிமிஷம் முந்தியே பதில் சொல்லிட்டான்!"

"அது எப்படி சார் முடியும்?"

"எப்படியா? எம் மவன் பூனாவுல இருந்துக்கிட்டுச் சொல்லிக் குடுத்திருக்கான். 'அப்பா கேப்பாரு மாமா, வரச் சொல்லிருங்க'ன்னு. இவன் பாவம் பார்த்து முன்கூட்டியே எழுதி வச்சிட்டு, அவசரத்துல முந்தி அனுப்பிட்டான். அந்த மெயிலை எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு டீச்சர். வெக்கத்தை விட்டுக் கேட்டேன். எனக்கு எவன் பரிதாபமும் வேண்டாம்."

அந்தப் பதிலுக்குப் பிறகு தவசிமுத்துவிடமிருந்து இரண்டு மெயில் வந்திருந்தன. இரண்டையும் அவர் திறக்கவே இல்லை. எட்டு நாளாகக் காலையில் காப்பி கூட இறங்கவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் மறைத்துவிட்டார்.

குரு திரையின் ஓரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இப்போ மணி என்ன?"

சீடர் சட்டென்று திரை ஓரத்தைப் பார்த்தார். "பத்து இருபத்திரண்டு."

"இதுல பத்து இருபத்தொன்பதுன்னு இருக்கே?"

"ஏழு நிமிஷம் கூட்டி வச்சிருக்கேன்லா. வீட்டுக் கடிகாரம்னா கொஞ்சம் முன்னாடி போகணும் டீச்சர். அப்பதான் எதுக்கும் பிந்த மாட்டோம். சுவர்க் கடிகாரமும் ஏழு கூடத்தான். பாக்கும்போதே மனசுல கழிச்சுக்கிடுவேன்."

"கம்ப்யூட்டர் தானா நேரத்தைச் சரி பண்ணிக்குமே."

"பண்ணிச்சு. நான் கூட்டி வச்சா, அது மறுபடியும் குறைக்கும். சனியன்னு அந்த வசதியையே அணைச்சுப் போட்டுட்டேன்." இதைச் சொல்லும்போது சீடர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அது யார்கிட்ட கேட்டுச் சரி பண்ணும்னு தெரியுமா?"

"எவன்கிட்டயோ. முப்பது வருஷமா ஊரே என்கிட்ட மணி கேட்டுச்சு. என் வீட்டு மிஷின் ஊரான்கிட்ட போய்க் கேக்கணுமா?"

"நீங்க யார்கிட்ட சார் கேட்டீங்க?"

"ரேடியோகிட்ட. காலையில நியூஸுக்கு முன்னாடி பீப் பீப்னு அடிக்கும். அதை வச்சு ஆபீஸ் கடிகாரத்தைத் திருப்புவேன்."

"ஒரு தடவையா?"

"தினமும்தான். எந்தக் கடிகாரமும் விட்டா நகந்துரும்."

"இதுவும் அதைத்தான் பண்ணுது. நெட்வொர்க்ல ஒரு நல்ல கடிகாரத்துக்கிட்ட மணி என்னன்னு கேக்கும். கேட்டு அனுப்பின நேரத்தைக் குறிச்சுக்கும். பதில் வந்த நேரத்தையும் குறிச்சுக்கும்."

"ரெண்டையும் எதுக்கு?"

"பதில் வந்து சேரதுக்குள்ள வழியில கொஞ்ச நேரம் போயிருமில்ல. அதையும் கணக்குல சேத்துக்கத்தான்."

சீடர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடடே. புறப்பட்ட நேரம், வந்த நேரம், ரோட்டுல ஆன நேரம். நம்ம டிபார்ட்மென்ட் வேலையில்ல பாக்குது!"

"அப்போ அந்த வசதியைத் திரும்ப ஆன் பண்ணிரலாமா சார்?"

மனமில்லாமல்தான் தலையாட்டினார். குரு சொன்ன இடத்தில் அவரே அழுத்தினார். ஒரு கண் சிமிட்டலுக்குள் பத்து முப்பத்தொன்று பத்து இருபத்துநாலாக மாறியது.

"பாடம் முடிஞ்சுதா? இப்போ மெயிலை நிறுத்தச் சொல்லிக் குடுங்க."

"சொல்லித் தரேன். ஒரு சந்தேகம் மட்டும் சார். உங்க மெயில்ல ஒம்பது நாப்பத்தாறுன்னு நேரம் போட்டது யாரு?"

"கம்ப்யூட்டர்தான்."

"எந்தக் கடிகாரத்தைப் பார்த்து?"

சீடர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். சுவரில் பார்த்தால் கழிப்பார், திரை ஓரத்தில் பார்த்தால் கழிப்பார். கோபம் வந்த அன்றைக்கு மட்டும் கழிக்க மறந்துவிட்டார்.

மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்து, ஒரு பழைய உறையின் பின்பக்கம் நாற்பத்தாறு என்று எழுதி, கீழே ஏழு போட்டுக் கழித்தார். ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரி இரண்டு தடவை சரிபார்த்தார்.

"ஒம்பது முப்பத்தொம்பதுக்குத்தான் அனுப்பியிருக்கேன்."

"ஆமா சார். அவர் பதில்ல இருக்கிறது அவர் கம்ப்யூட்டரோட மணி, அது சரியாத்தான் இருக்கும்."

படிக்காமல் கிடந்த இரண்டு மெயிலையும் திறந்தார். முதலாவதில், 'வீடு பாத்தாச்சு. தண்ணி நல்லா வருது' என்று இருந்தது. இரண்டாவதில், 'என்னடே சத்தத்தையே காணும்?'

காது கேட்காத மனிதன் சத்தத்தைத் தேடுகிறானே என்று சீடருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. எட்டு நாளில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. ஆனாலும் டைம் கீப்பர் புத்தி அவரை விடவில்லை. உறையை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

"முப்பத்தொம்பதுக்கு நான் அனுப்பியிருக்கேன். நாப்பத்தொண்ணுக்குப் பதில் போட்டுட்டான். ரெண்டே நிமிஷம்."

"ஆமா."

"ஒரு ஆளை ஆயுசுக்கும் பக்கத்துல வச்சுக்கிடுத விஷயம் டீச்சர். எனக்கு மூணு நாள் ஆச்சு. இதை எப்படி அவன் ரெண்டு நிமிஷத்துல யோசிச்சு முடிச்சான்?"

"அவர் யோசிக்கவே இல்லையே சார்" என்றார் குரு.